மெமரி என்றால் எது?

போன வாரம் ராபின்சன் போன் செய்தான். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் கடையை இப்போது நடத்துகிறவன் அவன்தான். அந்தக் கடையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவள் நான்.

“அக்கா, இங்கன ஒரு கூத்து நடந்துட்டு” என்றான்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் லேப்டாப் கொண்டுவந்திருக்கிறார். ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று புகார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஷெரின் அதைப் பார்த்துவிட்டு, “மெமரி பத்தலைக்கா, அதான் ஸ்லோவா இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். ஷெரின் சொன்னது லேப்டாப்புக்குள் இருக்கும் ராம் (RAM) என்ற சின்னப் பலகையை. அந்தப் பெண் புரிந்துகொண்டது, படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வைக்கிற இடத்தை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எட்டு வருஷத்துப் படங்களை அழித்துவிட்டார். துபாயிலிருக்கும் கணவர் ஊருக்கு வரும்போதெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற படங்கள். அழித்தவை போய்ச் சேருகிற, லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் குப்பைத் தொட்டியையும் மறக்காமல் காலி செய்திருக்கிறார். அப்புறமும் லேப்டாப் அதே ஆமை வேகத்தில்தான் ஓடியது. மறுநாள் அழுதுகொண்டே கடைக்கு வந்து நின்றார்.

“முக்காவாசி மீட்டுட்டோம்க்கா. சின்ன மகள் முதல் முதலா நடந்த வீடியோ கெடச்சிட்டு. அதைப் பாத்த பெறவுதான் அந்தக்கா தண்ணியே குடிச்சாங்க.”

“ஷெரின் என்ன சொல்லுதா?”

“அவ சொன்னதுல தப்பில்லை. அந்தக்கா கேட்டதுலயும் தப்பில்லை. அந்த வார்த்தைதான் தப்பு. நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. ராம்னா என்ன, ஹார்டு டிஸ்க்னா என்ன, சாதாரண ஜனத்துக்குப் புரியுற மாதிரி. சுவத்துல ஒட்டி வைக்கேன்.”

ஒரு பக்கம்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே வேகம் பிடித்துவிட்டது. ராபின்சன் சுவரைக் கொஞ்சம் நீட்டிக் கட்டிக்கொள்ளட்டும். அதோடு, அதே வார்த்தையை நானும் ஒருமுறை தப்பாகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் சொல்லவே கூடாத நேரத்தில். அதை மறைத்துவிட்டு ஷெரினுக்குப் பாடம் எழுதினால் அது அழகல்ல.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பாவுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். மகள் டீச்சர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், கொஞ்ச நாள் டைப்ரைட்டிங் கற்றேன், கொஞ்ச நாள் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடையில் ஈயம் உருக்கினேன். பிறகு இதே கடையில் (அப்போது அது கிளமென்ட் சாருடையது) ஆள் தேவை என்று ஒரு பலகை தொங்குவதைப் பார்த்து உள்ளே போனேன். படித்தது அதோடு முடிந்தது. கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று எதையோ அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சார் என் சான்றிதழ்களைப் பிரிக்கக்கூட இல்லை.

“இதுல கம்ப்யூட்டர் எது?” என்று கேட்டார்.

இதென்ன கேள்வி என்று நினைத்தபடி நான் திரையைக் காட்டினேன்.

அவர் எழுந்தார். மானிட்டரின் வயர்களைக் கழற்றினார். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தார். பிரிண்டர் நிற்கவில்லை. கரகரவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

“நீ காட்டுனத நான் தூக்கிட்டுப் போயிட்டேன். பெறவு இதை யாரு அடிக்கா?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நின்றுகொண்டிருந்த பெட்டியைக் காட்டி, “இதுவா சார், சிபியூ?” என்றேன். அவர் பெட்டியை அணைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு சின்னக் காற்றாடியை எடுத்துவிட்டு உள்ளே காட்டினார். ஒரு பிஸ்கட் அளவுக்குச் சதுரமாக ஏதோ இருந்தது.

“ஊரு பூராவும் பெட்டியத்தான் சிபியூங்கு. சிபியூ இந்தா இருக்கு. கணக்குப் போடுதது இவன்தான். பெட்டி வீடு. வீடும் ஆளும் ஒண்ணாகுமா?”

அன்றைக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, “சிபியூ எதுன்னு தெரியுமா?” என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அம்மாவிடம் கேட்டேவிட்டேன். “முதல்ல சோத்தைத் தின்னுளா” என்றாள்.

கிளமென்ட் சார் கடற்கரைக் குடும்பத்துக்காரர். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் பதினெட்டு வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்தவர். செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிற கருவிகள் வந்ததும் கப்பல்களில் அந்த உத்தியோகமே இல்லாமல் போய்விட்டது. கரைக்கு வந்து இந்தக் கடையைத் திறந்தார். எப்போதும் முழுக்கைச் சட்டை, தேய்த்த மடிப்பு கலையாது. காதில் பென்சில். குரலை உயர்த்திப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ரேடியோவில் எதிராளியின் முகம் தெரியாது, கை காட்ட முடியாது, வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது என்பது அவருடைய உடம்பிலேயே ஊறியிருந்தது. ஒரு சாமானுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு சாமான். சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் கடையின் சட்டம்.

வாடிக்கையாளர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். கப்பல் ஏஜென்சி மேலாளர் ஒருவர், “என்ன சார், கடை நடத்துதியளா, பள்ளிக்கூடம் நடத்துதியளா?” என்று கேட்டேவிட்டார். சார் சிரித்தபடி, “நீங்க சொன்னது எனக்குச் சரியாக் கேட்டுதான்னு பாக்கேன், அவ்வளவுதான்” என்றார்.

‘சிஸ்டம் போச்சு’ என்று நாங்கள் சொல்லக் கூடாது. ‘ஹேங் ஆகுது’ என்று எழுதக் கூடாது. கண்ணால் பார்க்காமல் ‘வைரஸ்’ என்று வாயைத் திறந்து சொல்லவே கூடாது. கடைக்கு ஒரு லேப்டாப் வந்தால் நான்கு கேள்விகள். விளக்கு எரியுதா? காத்தாடி சுத்துதா? சத்தம் ஏதும் கேக்குதா? திரையில எழுத்து வருதா? இந்த நான்கையும் இதே வரிசையில்தான் கேட்க வேண்டும்.

இந்த வரிசையின் அழகு எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. புரிந்த அன்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். விளக்கே எரியவில்லையா? கரண்ட் உள்ளே வரவில்லை. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் அடாப்டரையும், அதைச் சேமித்து வைக்கும் பேட்டரியையும் பார். விளக்கு எரிந்தும் காற்றாடி சுற்றவில்லையா? எல்லாச் சாமான்களையும் தாங்கிக்கொண்டிருக்கிற பெரிய பச்சைப் பலகை, மதர்போர்டு, அதைப் பார். காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு, உள்ளிருந்து பீப் பீப் என்று சத்தமா? அனேகமாக ராம். எழுத்து வந்து பாதியில் நிற்கிறதா? ஹார்டு டிஸ்க், இல்லையென்றால் அதிலே எழுதி வைத்திருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம். மூடியைத் திறக்கும் முன்பே வியாதி எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்! எந்தக் கருவியும் வேண்டாம், கண்ணும் காதும் போதும்.

ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரு உப்பள மேலாளரின் கதையைச் சொல்வேன். அவருடைய லேப்டாப் பத்து நிமிஷம் ஓடும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். மூன்று இடங்களில் காட்டிவிட்டார். மூன்று இடத்திலும் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

“வைரஸும்மா. பொல்லாத வைரஸ்” என்றார் என்னிடம்.

“இதை எங்க வச்சு வேலை பாக்கிய, அண்ணாச்சி?”

“ஆபீஸ்லதான். சன்னலோரம். நல்லா காத்து வரும்லா?”

அவர் கண் முன்னாலேயே அடிமூடியைத் திறந்தேன். காற்றாடிக்குப் பக்கத்தில், சூட்டை வெளியே தள்ளுகிற செம்புத் தகடுகளுக்கு மேல், தூசியும் உப்பும் சேர்ந்து கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. காற்று போக ஓர் ஊசித் துவாரம்கூட இல்லை. பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். சிபியூ மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த, சூட்டைக் கடத்துகிற பசையை எடுத்துவிட்டுப் புதுப் பசை வைத்தேன். பத்து நிமிஷம் ஓடியது. இருபது நிமிஷம் ஓடியது. அவர் எழுந்து போகவே இல்லை. ஒரு மணி நேரம் முழுதும் திரையையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ விண்டோஸ் மேல ஒரு குத்தமும் இல்லையா?”

“இல்ல அண்ணாச்சி. அதைத்தான் மூணு தடவை அடிச்சு வெரட்டியிருக்காங்க.”

கையால் தொட்டுத் தூசி தட்ட முடிந்தது ஹார்டுவேர். உள்ளே எழுதிவைத்து, அழித்து, மறுபடி எழுதக்கூடியது சாஃப்ட்வேர். எல்லாச் சாஃப்ட்வேருக்கும் மேலதிகாரியாக இருந்து, யாருக்கு எப்போது இடம், யார் திரைக்கு வரலாம் என்று ஏவுவது விண்டோஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம். அவ்வளவுதான். இதற்குப் பெரிய புத்தகம் வேண்டியதில்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், கார்த்திகை மாதம். இரண்டு நாளாக மழை விடாமல் அடித்தது. கடலில் புயல் சின்னம் திடீரென்று திசை மாறி நம் பக்கம் வருகிறது என்று காலையில் செய்தி. தாமிரபரணியில் வெள்ளம் ஏறி, புன்னைக்காயல் போகிற சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் நானும் கிளமென்ட் சாரும் மட்டும் இருந்தோம். அப்போதே அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மழையில் நனைந்தும் சட்டை மடிப்பு அப்படியே இருந்தது.

காலை பத்து மணி சுமாருக்குக் கடை போன் அடித்தது.

“லேப்டாப் கடையா? நான் புன்னைக்காயல்லயிருந்து மெட்டில்டா பேசுதேன். படகுச் சங்கத்துல ரெஜிஸ்டர் எழுதுதவ. லேப்டாப் மேல ஒங்க ஸ்டிக்கர்ல இந்த நம்பர் இருந்துச்சு.”

எனக்கு ஞாபகம் வந்தது. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் எங்களிடம் ஒரு பழைய லேப்டாப் வாங்கிக்கொண்டு போன பெண். அதுவரை நோட்டில் எழுதிவந்ததை இனிமேல் லேப்டாப்பில் எழுதப் போகிறேன் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனவர்.

“அக்கா, லேப்டாப் வரமாட்டேங்கு. தங்கல் போன படகு இன்னும் கரைக்கு வரலை. எந்தப் படகு, எத்தனை ஆளு, எந்தப் பக்கம் போனாவன்னு அதிகாரிமாரு கேக்காவ. அந்த லிஸ்டு இதுக்குள்ளதான் இருக்கு.”

தங்கல் என்றால் நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது.

“நோட்டுல இல்லையா?”

“போன மாசத்தோட நோட்டை நிறுத்திட்டேன். வீடு வீடா ஆள் அனுப்பிக் கேட்டாச்சு. பதினோரு படகுங்காவ. நம்பரு ஒருத்தருக்கும் முழுசாத் தெரியலை. இங்கன கரண்டும் இல்லை. என் போன்ல சார்ஜ் கொஞ்சந்தான் இருக்கு.”

போகலாமென்றால் சாலை இல்லை. சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு தாளில் நேரத்தைக் குறித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். கேள் என்று அர்த்தம்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வைங்க. ரெண்டு கையும் சும்மா இருக்கணும். இப்போ பொத்தானை அமுக்குங்க. விளக்கு எரியுதா?”

“எரியுது.”

“காத்தாடி சுத்துதா? ஓரத்துல கையை வச்சுப் பாருங்க.”

“காத்து வருது.”

“சத்தம்?”

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பீப், பீப், பீப் என்று எனக்கே கேட்டது.

ராம்! எனக்குள் ஒரு துள்ளல். கடலோரத்தில் உப்புக்காற்று முதலில் கைவைப்பது அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய பற்களில்தான். கழற்றித் துடைத்து மாட்டினால் பத்தில் எட்டு பிழைத்துக்கொள்ளும். அந்த அவசரத்தில்தான் என் வாய் தவறியது.

“பொத்தானை அழுத்திப் பிடிச்சு அணைங்க. பேட்டரியை எடுத்துருங்க. எடுத்துட்டு அந்தப் பொத்தானையே முப்பது எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க, மிச்சமிருக்கிற கரண்ட் இறங்கிரும். அடுத்து உள்ள இருக்கிற மெமரியைக் கழத்தணும்.”



“மாட்டேன்” என்றார் மெட்டில்டா.

“என்னது?”

“மெமரியக் கழத்த மாட்டேன். எங்க ஆளுவ பேரெல்லாம் அதுலதான இருக்கு? நீங்கதான அன்னைக்குச் சொன்னிய, இதுல மெமரி ஐந்நூறு ஜிபி, ஆயுசு பூராவும் எழுதலாம்னு? அதைப் புடுங்கிட்டா அவங்களை எங்க போயித் தேடுவேன்?”

அவர் குரல் உடைந்தது. உண்மைதான். விற்கும்போது ஹார்டு டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல ‘மெமரி’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தியது நான்தான். இப்போது ராமுக்கும் அதே வார்த்தையைச் சொல்கிறேன். ஒரு பெயருக்கு ஒரு சாமான் என்ற சட்டத்தை இருபது வருஷம் கேட்டுவிட்டு இரண்டு தடவை மீறியிருக்கிறேன். சார் தாளில் ‘பேரைத் திருத்து’ என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

“மெட்டில்டா, நான் சொன்னது தப்பு. அந்த வார்த்தையை மறந்துருங்க. உள்ள ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு பேரு ராம். இன்னொண்ணு பேரு ஹார்டு டிஸ்க். ஒங்க ஊர்ல ஏலம் போடுத இடத்துல மீனைப் பரப்புவாங்கல்லா?”

“ஆமா.”

“ஏலம் முடிஞ்சா?”

“தளத்தைக் கழுவி விட்டுருவாவ. விக்காத மீனு ஐஸ் ரூமுக்குப் போவும்.”

“ராம் அந்த ஏலத் தளம். லேப்டாப் ஓடும்போது மட்டும் எல்லாத்தையும் அங்கன பரப்பி வச்சு வேலை செய்யும். அணைச்சிட்டா அதுல ஒண்ணுமே இருக்காது, இப்பவே அது காலிதான். ஹார்டு டிஸ்க்தான் ஐஸ் ரூம். ஒங்க ஆளுங்க பேரு அங்கன பத்திரமா இருக்கு. நாம தொடப் போறது தளத்தை மட்டும்.”

ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“தளத்தைத்தான் கழத்துதோம். ஐஸ் ரூமைத் தொடக் கூடாது” என்றார் அவராகவே.

சார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

பிறகு எல்லாம் ஒவ்வொரு அடியாக நடந்தது. சங்கத்து வயர்லெஸ் செட்டின் பெட்டியில் சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்று கிடைத்தது. உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்க முதலில் ஜன்னல் கம்பியைத் தொடச் சொன்னேன். லேப்டாப்பைக் கவிழ்க்கச் சொன்னேன்.

“அடியில ரெண்டு மூடி இருக்கும். நடுவுல இருக்கிற மூடியைத் திறக்கணும். திருப்பிச் சொல்லுங்க.”

“ஓரத்து மூடியைத் திறக்கணும்.”

“இல்லை! நிறுத்துங்க. நடு மூடி. ஓரத்து மூடிக்குள்ளதான் ஹார்டு டிஸ்க்.”

“எம்மா! நடு மூடி. நடு மூடி.”

திருப்பிச் சொல்ல வைத்ததால் பிழைத்தோம். அந்த ஒரு நொடிக்காகவே சாரின் சட்டத்துக்குக் கோயில் கட்டலாம்.

நடு மூடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ராம் பலகைகள். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரலால் விலக்கினால் பலகை சாய்வாக எழுந்து நிற்கும். “எந்திரிச்சிட்டு!” என்று கத்தினார் மெட்டில்டா. பற்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். பச்சை பூத்திருக்கிறது என்றார். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். ஒரு பலகையை மட்டும் மாட்டி, பேட்டரி போட்டு, பொத்தானை அமுக்கச் சொன்னேன்.

பீப், பீப், பீப்.

“அக்கா, போன்ல சிவப்பு காட்டுது.”

“பரவாயில்லை. பேட்டரியை எடுங்க. அந்தப் பலகையை எடுத்து ஓரமா வைங்க. அடுத்ததை மாட்டுங்க. திருப்பிச் சொல்லுங்க.”

திருப்பிச் சொன்னார். மாட்டினார். பேட்டரி போட்டார். பொத்தானை அமுக்கினார்.

பீப் சத்தம் வரவில்லை. எதுவுமே கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“எழுத்து வருது! அக்கா, எழுத்து வருது!”

நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த பொம்பளை, கடையில் குதித்தேன். சார் நேரத்தைக் குறித்தார்.

பாதி ராமில் விண்டோஸ் திறக்க நாலைந்து நிமிஷம் பிடித்தது. யுகம்போல இருந்தது. பட்டியல் திறந்ததும் மெட்டில்டா வாசித்தார். படகு எண், ஓட்டுகிறவர் பெயர், ஆட்கள் பெயர், எந்தத் திசை. அவர் ஒரு வரி வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல, சார் எழுதினார். ஆட்களின் பெயர் வர ஆரம்பித்ததும் அவர் எழுந்து நின்றுகொண்டேதான் எழுதினார். பதினொன்று முடிந்தது.

“பன்னெண்டு” என்றார் மெட்டில்டா.

சார் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினொண்ணுதான சொன்னிய?” என்றேன்.

“பன்னெண்டு இருக்கு. சூசை படகு. கடைசி நேரத்துல, அவரு வீட்டுலயே தங்கியிருக்குத மச்சினன்மாரோட போனாரு. நான்தான் எழுதியிருக்கேன், எனக்கே மறந்துட்டு. அவரு வீட்டுக்காரி பேறுகாலத்துக்கு மணப்பாட்டுக்குப் போயிருக்கா. அவ மாப்பிள்ளை கரையில இருக்காருன்னு நெனைச்சிட்டு இருப்பா. ஒருத்தரும் தேடலையே! நாலு பேரு, அக்கா. தெக்க, மணப்பாட்டுக்கு நேரா வெளிய—”

படகு எண்ணையும் நாலு பெயரையும் திசையையும் சொல்லி முடித்ததும் போன் அணைந்துவிட்டது.

சார் உடனே அதிகாரிகளுக்குப் பேசினார். எதிர்முனையில் இருந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். “அனுப்புதோம், தம்பி. அதுக்கு முன்னால நான் வாசிக்கேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க” என்றார் சார். பன்னிரண்டு படகு, ஐம்பத்தொரு பேர். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக, அவசரமே இல்லாத குரலில். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் பதினெட்டு வருஷம் அவர் கப்பலில் என்ன வேலை செய்தார் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது.

அன்று மாலைக்குள் பதினோரு படகும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. சில தருவைகுளத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தன, சில வேம்பாரில் கரையேறியிருந்தன. சூசையின் படகு மட்டும் அகப்படவில்லை. மறுநாள் மத்தியானம் மெட்டில்டா போன் செய்தார். பேச முடியாமல் அழுதார். பிறகு சொன்னார். எஞ்சின் நின்றுபோய்த் தெற்கே மிதந்துகொண்டிருந்த படகைத் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படகைக் காப்பாற்ற முடியவில்லை. நாலு பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள். நான் சாரிடம் சொன்னேன். அவர் தாளில் நேரத்தைக் குறித்து, அதன் பக்கத்தில் ‘முடிந்தது’ என்று எழுதி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு திரும்பி உட்கார்ந்து, வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்து சாலை திறந்த பிறகு ஒரு நாள் மெட்டில்டா கடைக்கு வந்தார். கையில் அந்த லேப்டாப். பின்னாலேயே மெலிந்து கறுத்த ஒரு ஆள், உதடெல்லாம் வெடித்துப் போய். யார் என்று சொல்லாமலே தெரிந்தது.

கெட்டுப்போன ராம் பலகையை மெட்டில்டா ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் அதைப் பிரித்து மேஜையில் வைத்தேன். சூசை அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரல் நீளம்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்பேரு இதுலயா இருந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மெட்டில்டா முந்திக்கொண்டார்.

“இதுல இல்ல. இது ராமு. வேலை நடக்கும்போது மட்டும் எல்லாத்தையும் வச்சிருக்கும், அணைச்சா மறந்துரும். ஒம்பேரு ஹார்டு டிஸ்க்ல இருக்கு.” லேப்டாப்பைக் கவிழ்த்து ஓரத்து மூடியைத் தொட்டுக் காட்டினார். “அது கெட்டாலும் போவாது. இப்போ ஒரு பென் டிரைவ்ல காப்பி போட்டு பக்கத்து வீட்டு மேரிக்கா பீரோவுல வச்சிருக்கேன். ஒவ்வொரு படகு போனதும் ரெண்டு எடத்துலயும் எழுதுதேன்.”

சூசை அந்தப் பலகையை மேஜையில் மெல்ல வைத்தார்.

“ரெண்டு எடத்துலயும் எம்பேரு இருக்கா?”

“ரெண்டு எடத்துலயும் இருக்கு. போயி டீயக் குடி.”